கம்பஸ் பிள்ளைகளும் காசுக் கணக்கும்: கேள்வி பதில்

வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். இப்போது பிள்ளைகளுக்குக் கணக்கியல் படிப்பிக்கிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த கேள்விகளில் சில.

முகாமைத்துவ பீடம், இரண்டாம் வருடம்: கொமர்ஸ் படிப்பவர்களுக்கு நேர்மை குறைவு என்று கலைப்பீட நண்பர்கள் நக்கலடிக்கிறார்கள். உண்மையா?

அமெரிக்கா, கனடாவில் பட்டமேற்படிப்பு மாணவரிடம் கேட்டு மக்கேப் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முந்தைய ஒரு வருடத்தில் படிப்பில் கள்ளம் செய்ததாக ஒப்புக்கொண்டவர்கள் வணிக மாணவரில் 56 வீதம், மற்றவர்களில் 47 வீதம். அந்த 47ஐயும் நண்பர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். நான் பார்த்த அளவில் எங்கள் பிள்ளைகள் கொழும்பில் நடக்கும் ஊழலுக்குக் கொதிப்பார்கள். தெரிந்த அண்ணா செய்தால் "அவர் பாவம்" என்பார்கள். இதில் பீட வித்தியாசம் இல்லை.

பெயர் வேண்டாம்: சீனியர் அண்ணா ஒருவர் 25,000 ரூபா கட்டி, இரண்டு பேரைச் சேர்த்துவிடச் சொல்கிறார். பொருளும் விற்பதால் சட்டப்படி சரியாம்.

தம்பி, பொருளை விடுங்கள். இலாபம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். புதிதாகச் சேர்பவர் கட்டும் காசுதான் என்றால் அது பிரமிட் திட்டம். வங்கித்தொழில் சட்டம் அதைத் தடை செய்கிறது, மத்திய வங்கியும் பலமுறை எச்சரித்திருக்கிறது. ஆளுக்கு இரண்டு பேர் என்று கணக்குப் போட்டால் பத்தாவது படியில் 1,024 பேர். இருபதாவதில் பத்து இலட்சத்தைத் தாண்டும். 2012 கணக்கெடுப்பில் வடமாகாணச் சனத்தொகையே ஏறத்தாழ 10.6 இலட்சம்தான், தொட்டில் பிள்ளையும் சேர்த்து. இந்தக் கணக்குத் தெரிந்த பிள்ளைகளும் விழுகிறார்கள். ஆசை ஒரு பக்கம். ராகிங்கில் யார் முன் தலைகுனிந்து நின்றார்களோ அதே அண்ணாவிடம் "மாட்டேன்" சொல்ல வாய் வராதது மறுபக்கம்.

கலைப்பீடம்: சீனியரின் நோட்ஸை போட்டோகொப்பி எடுத்து விற்கலாமா?

அவரிடம் கேட்டீர்களா? அவர் சரி என்றால் விற்கலாம்.

ஒரு அம்மா, கொக்குவில்: மகளின் மகாபொல உதவித்தொகை விண்ணப்பத்தில் தோட்ட வருமானத்தை மட்டும் போட்டோம், இவர் கட்டாரிலிருந்து அனுப்பும் காசைக் காட்டவில்லை. எல்லோரும் செய்வதுதானே? மகள் "இது களவு" என்று சண்டை பிடிக்கிறாள்.

பிள்ளை சொல்வது சரி அம்மா. வருமானம் பார்த்துக் கொடுக்கும் காசு அது. உங்கள் பிள்ளை வரிசையில் ஏறினால் தகப்பன் இல்லாத ஒரு வீட்டுப் பிள்ளை இறங்கக்கூடும். வங்கியில் வேடிக்கை பார்த்திருக்கிறேன்: வீட்டுக் கடன் கேட்டு வரும்போது இதே குடும்பங்கள் கட்டார்க் காசின் ரசீதையெல்லாம் கோப்பில் அடுக்கிக்கொண்டு வரும்! பல்கலைக்கழகத்தில் மகாபொல பார்க்கும் பகுதிக்குப் போய், திருத்த வேண்டும் என்று சொல்லுங்கள். மகளைத் தனியே அனுப்பாதீர்கள். வருமானத்தை எழுதிக் கொடுத்தது நீங்கள்தானே.