மருத்துவர் பதில்கள்: காலி இருமல் மருந்துப் புட்டிகள்

கேள்வி: என் மகனுக்கு வயது 15. அவன் பள்ளிப் பையில் இரண்டு காலி இருமல் மருந்துப் புட்டிகள் கிடந்தன. இருமலே இல்லாதவனுக்கு எதற்கு என்று கேட்டால், 'லீன் அம்மா, எல்லாரும் குடிக்கிறார்கள், கடையில் விற்கிற மருந்துதானே' என்கிறான். கண்டிப்பதா, விட்டுப்பிடிப்பதா? — ஒரு தாய், சாட்ஸ்வர்த், டர்பன் (தென்னாப்பிரிக்கா)

பதில்: 'லீன்' என்பது இருமல் மருந்தைக் குளிர்பானத்தில் கலந்து குடிக்கும் போதைப் பானம். கண்டிப்பைப் பிறகு பார்க்கலாம். முதலில் லேபிளைப் படியுங்கள். 'கோடீன்' என்று இருந்தால், அது அபின் வகை மருந்து. சாட்ஸ்வர்த்தில் எல்லாருக்கும் தெரிந்த 'ஷுகர்ஸ்' போதைப்பொடியில் இருக்கும் ஹெராயினுக்கு உறவுதான். ஈரல் கோடீனை மார்ஃபினாக மாற்றும். சிலர் உடலில் இது மிக வேகமாக நடக்கும். நண்பன் தாங்கிய அளவே இவன் மூச்சை நிறுத்திவிடலாம். மது சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

லேபிளில் பாராசிட்டமாலும் இருந்தால் இன்னொரு சிக்கல். முதல் நாள் பையன் நன்றாகவே இருப்பான், உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். குடித்த 8 மணி நேரத்துக்குள் முறிவு மருந்து ஏற்றினால்தான் முழுப் பலன். உடனே மருத்துவமனைக்குப் போங்கள், புட்டியையும் கையோடு கொண்டுபோங்கள்.

மூக்கைச் சொறிந்துகொண்டே இருப்பது, மலச்சிக்கல், மங்கிய வெளிச்சத்திலும் ஊசிமுனையளவே இருக்கும் கண்மணி: இவற்றைக் கவனியுங்கள். 'அசந்து தூங்குகிறான், எழுப்பாதே' என்று விடுவதில்தான் உயிர் போகிறது. உலுக்கியும் எழவில்லை, களகளவென்று குறட்டை, நிமிடத்துக்கு 10-க்கும் குறைவான மூச்சு, உதட்டின் உட்புறமோ நகமோ நீலம் என்றால் உடனே ஆம்புலன்ஸ் எண் 10177, கைபேசியிலிருந்து 112. ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே இருங்கள். மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். வாந்தி எடுக்கவைப்பது, காப்பி புகட்டுவது எதுவும் கூடாது.

பல வாரம் குடித்தவன் நிறுத்தினால் கொட்டாவி, மூக்கொழுகல், பேதி வரும். சளி என்று நினைத்து அதே மருந்தை ஊற்றிக்கொடுக்கும் வீடுகளும் உண்டு! போதைப் பழக்கத்துக்கான கட்டணமில்லா உதவி எண் 0800 12 13 14, இரவும் பகலும் எடுப்பார்கள். இன்னொன்று: கோடீன் மருந்து வாங்குபவர் பெயரைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும். வாங்கித் தந்தது யார் என்றும் விசாரியுங்கள்.

கேள்வி: ஹப்ளியில் (கரி வைத்துப் புகைக்கும் ஹூக்கா) புகை தண்ணீர் வழியாக வருவதால் கெடுதல் இல்லையாமே? — ஃபீனிக்ஸ் (டர்பன்) வாசகி

பதில்: தண்ணீர் புகையைக் குளிர்விக்கும், அவ்வளவுதான். நிகோட்டினில் பெரும்பகுதியும் கரிப்புகையின் கார்பன் மோனாக்சைடும் உள்ளே போகும். மூடிய அறையில் தலைவலி, மயக்கம் வருவது இதனால்தான். உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள், மயங்கி விழுந்தால் மருத்துவமனைதான். ஒரே குழாயை நாலு பேர் மாற்றி இழுப்பதில் தொற்று வேறு.