உக்காந்தா போதுமா, படிக்கவும் வேணுமா?

அன்புள்ள அண்ணா,
ஒரு வருஷமா தினமும் காலைல அரைமணி நேரம் ஸாஸென், அதாவது ஜென் பௌத்தத்துல உக்காந்து பண்ற தியானம், உக்கார்றேன். ஜென்னுக்கு புத்தகமே தேவையில்ல, அனுபவம்தான் எல்லாம், சீன ஜென் குரு தெஷானே தன் புத்தகம் எல்லாத்தையும் கொளுத்தினாரேன்னு ஃப்ரெண்ட் சொல்றான். இருக்கிற புக்ஸை யாருக்காவது குடுத்துடலாமா?
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

குடுத்துடாதீங்க.

தெஷான் கதைல உங்க ஃப்ரெண்ட் கடைசி சீனை மட்டும் சொல்லியிருக்கார். தெஷான் வஜ்ர சூத்திரம்ங்கிற பௌத்த நூலை கரைச்சுக் குடிச்சவர், அதோட உரையை மூட்டையா கட்டி சுமந்துட்டுப் போறார், வழியில பலகாரம் விக்கிற ஒரு பாட்டி, போன மனசும் பிடிபடாது, இப்ப இருக்கிற மனசும் பிடிபடாது, வரப்போறதும் பிடிபடாதுன்னு சூத்திரத்துல இருக்கே, நீங்க எந்த மனசுக்கு பலகாரம் கேக்கறீங்கன்னு கேட்டுடறா. இவர்கிட்ட பதில் இல்ல. பாட்டி அவரை மடக்கினது அவர் முதுகுல இருந்த அதே சூத்திரத்தை வச்சுதான். அப்புறம் லோங்தான்ங்கிற குருகிட்ட போய், அவர் ராத்திரி விளக்கை ஊதி அணைச்சப்போ தெஷானுக்கு ஞானம் திறந்துது, மறுநாள் கொளுத்தினார். அப்பவும் கொளுத்தினது உரையை, சூத்திரத்தை இல்ல.

என் விஷயம் சொல்றேன். ஆரம்பத்துல ரொம்ப மாசம் கண்ணை மூடித்தான் உக்காந்தேன், பத்து நிமிஷத்துல தலை தொங்கும், கன்னம் சூடாகும், அந்த மயக்கத்தை அமைதின்னு நம்பிட்டு இருந்தேன். அனுபவம் அனுபவம்னு சொல்றோமே, அது அனுபவம்தான், ஆனா தூக்கத்தோட அனுபவம். அப்புறம் ஜப்பான்ல சோட்டோ ஜென் பிரிவைத் தொடங்கின டோகென், ஸாஸென் எப்படி உக்கார்றதுன்னு எழுதின ஃபுகான்ஸாஸெங்கி படிச்சேன். கனமான பாய், அதுமேல மெத்தை, காது தோளுக்கு நேர, மூக்கு தொப்புளுக்கு நேர, நாக்கு மேலண்ணத்துல, கண் எப்பவும் திறந்தே இருக்கணும். மறுநாள் சுவரைப் பாத்து கண்ணைத் திறந்து உக்காந்தேன், சுண்ணாம்புல ஒரு விரிசல், வெளியே பால்காரர் வண்டி சத்தம், முதல் தடவையா நான் முழிச்சிருந்தேன். அந்த ஒரு வரி இல்லன்னா இன்னும் தூங்கிட்டுதான் இருந்திருப்பேன். சோட்டோ மடங்கள்ல ராத்திரி உக்கார்ற நேரத்துல இதையே சேந்து ஓதவும் செய்யறாங்க.

டோகெனுக்கே இந்த சந்தேகம் இருந்துது. 1223ல சீனாவுக்கு போறார், கப்பல்ல இருக்கும்போது 61 வயசு மடத்து சமையல்காரர் ஒருத்தர் காளான் வாங்க வர்றார். இந்த வயசுல எதுக்கு அடுப்படி வேலை, தியானம் பண்ணி பழைய குருமார்களோட வார்த்தைகளைப் படிக்கலாமேன்னு டோகென் கேக்க, பெரியவர் சிரிச்சுட்டு, உனக்கு பயிற்சின்னா என்னன்னும் தெரியல, எழுத்துன்னா என்னன்னும் தெரியலன்னுட்டார். கொஞ்ச நாள் கழிச்சு திரும்ப பாத்தப்போ எழுத்துன்னா என்னன்னு டோகென் கேட்டார், பெரியவர் பதில் சொன்னார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. பயிற்சின்னா? உலகத்துல எதுவுமே மறைஞ்சு இல்ல. எழுத்தைப் பத்தி கொஞ்சமாவது தெரிஞ்சுதுன்னா அது இந்தப் பெரியவராலதான்னு டோகென் பின்னாடி எழுதி வச்சார், சமையல்காரருக்கான வழிமுறையா 1237ல எழுதின நூல்லயே.

ஒண்ணே ஒண்ணு, மெத்தைல உக்காந்தப்புறம் படிச்சதை மனசுல ஓட்டாதீங்க, எனக்கு அதனால பல காலை வீணாப் போச்சு. ஃபுகான்ஸாஸெங்கி சில பக்கம்தான், நாளைக்கு உக்கார்றதுக்கு முன்னாடி ஒரு தடவை படிங்க, உங்க கண் எப்படி இருக்குன்னு பாத்து எனக்கு எழுதுங்க.