ரோட்டரி எஞ்சினில் ஆயில் அடிட்டிவ் ஊற்றலாமா?

வணக்கம். ரோட்டரி எஞ்சின் உள்ள உங்கள் மாஸ்டா ஆர்எக்ஸ்-8 காரில் ஆயில் குறைகிறது, சூடான எஞ்சினை அணைத்தால் மறுபடி கிளம்ப அடம்பிடிக்கிறது, ஒரு பாட்டில் அடிட்டிவ் (ஆயிலில் கலக்கும் சேர்மானம்) ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து ஊற்றாதீர்கள்.

ஆயில் குறைவது இந்த எஞ்சினின் இயல்பு. மீட்டரிங் பம்ப் ஒன்று ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக எரியும் அறைக்குள்ளேயே அனுப்புகிறது. பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் முக்கோண ரோட்டரின் 3 முனைகளிலும் உள்ள அபெக்ஸ் சீல்கள் (கசியாமல் அடைக்கும் பட்டைகள்) அறையின் சுவரோடு உரசிக்கொண்டே ஓடுவதால் அந்த வழவழப்பு வேண்டும். அப்புறம் அந்த ஆயில் பெட்ரோலோடு எரிந்துவிடும். நீங்கள் கலப்பதும் அப்படியே உள்ளே போகும். டெஃப்ளான் மாதிரி திடத்துகள் உள்ளவை சுத்தமாக எரியாது. கரியும் சாம்பலும் படிந்து சீல் அதன் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டால், பின்னாலிருக்கும் ஸ்பிரிங்கால் அதை வெளியே தள்ள முடியாது. கம்ப்ரெஷன், அதாவது அறைக்குள் உண்டாகும் அழுத்தம், போய்விடும்.

சூட்டில் ஸ்டார்ட் ஆகாததுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. கம்ப்ரெஷன் குறைந்ததற்கு அது முக்கியமான அறிகுறி. பலவீனமான இக்னிஷன் காயிலும் ஸ்டார்ட்டரும்கூடக் காரணமாகலாம், அவற்றையும் பாருங்கள். கம்ப்ரெஷனை ரோட்டரிக்கென்றே உள்ள டெஸ்டரில் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண கேஜ் ரோட்டரின் 3 முகங்களில் அதிகமானதை மட்டும் காட்டி ஏமாற்றிவிடும்.

ஏதாவது சேர்த்தே ஆக வேண்டுமென்றால், சாம்பல் குறைவான டூ-ஸ்ட்ரோக் ஆயிலைப் பெட்ரோலில் சிறிதளவு கலப்பது ரோட்டரிக்காரர்கள் பலர் செய்வதுதான். சரி, அதுவும் டெஸ்ட் முடிந்த பிறகு. அதுவரை பெட்ரோல் போடும்போதெல்லாம் டிப்ஸ்டிக்கைப் பார்த்துவிடுங்கள்.