ஸ்கோர் எழுதும் மென்பொருளுக்குக் குறைந்த செலவில் நல்ல ஆர்கெஸ்ட்ரா சவுண்ட் லைப்ரரி எது?

தள்ளுபடி முடிவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில் கேட்கிறீர்கள் என்றால், கொஞ்சம் பொறுங்கள். நான் அப்படித்தான் ஒரு பெரிய லைப்ரரியை, அதாவது நிஜக் கருவிகளை வாசித்துப் பதிவு செய்த ஒலித் தொகுப்பை, வாங்கினேன். டெமோவில் கேட்டபோது மெய்சிலிர்த்தது.

டோரிகோ என்ற ஸ்கோர் எழுதும் மென்பொருளில் என் ஸ்கோரை (எல்லாக் கருவிகளுக்குமான இசைக் குறிப்பு) ஓட்டினால், எட்டு பாருக்கு (தாளக் கட்டம்) எழுதியிருந்த கிரெசெண்டோ, அதாவது சத்தம் மெல்லக் கூடுவது, ஏறவே இல்லை. அந்த லைப்ரரியில் நீண்ட சுரங்களின் சத்த ஏற்ற இறக்கம் மாட் வீலில், அதாவது கீபோர்டில் கையால் உருட்டும் சக்கரத்தில், இருந்தது. பிட்சிகாட்டோ (தந்தியை விரலால் மீட்டுவது) என்று எழுதிய இடத்தில் வில் போட்டு இழுத்தது, அதை மாற்ற ஒரு கீஸ்விட்ச் (வாசிக்கும் முறையை மாற்றும் கட்டை). ஸ்கோரில் உள்ள எந்தக் குறிக்கு லைப்ரரியில் எதை இயக்குவது என்று சொல்லும் எக்ஸ்பிரஷன் மேப்பை எல்லாவற்றுக்கும் எழுத மூன்று வாரம் போனது. அப்புறமும் வயலின்கள் ஓபோவை (ஒரு ஊதுகருவி) விடத் தாமதமாகத்தான் ஒலித்தன. லெகாட்டோ (சுரங்களை இழைத்து வாசிப்பது) சாம்பிள்கள், அதாவது பதிவு செய்த ஒலித் துண்டுகள், மெதுவாக எழும். ரெக்கார்டிங் மென்பொருளில் வேலை செய்பவர்கள் அந்த டிராக்கைச் சற்று முன்னால் தள்ளிவிடுவார்கள். ஸ்கோரில் சுரம் எழுதிய இடத்தில்தானே நிற்க வேண்டும்?

லைப்ரரி மோசம் என்று சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். படத்துக்கு இசை செய்பவருக்கு அது பொக்கிஷம்.

உங்களுக்கு என் பதில் இதுதான்: ஸ்கோர் எழுத மியூஸ்ஸ்கோர் 4, அதனுடன் அதற்கான ஒலித் தொகுப்பு மியூஸ் சவுண்ட்ஸ். இரண்டும் இலவசம். ஆனால் அந்த ஒலிகள் மியூஸ்ஸ்கோருக்குள் மட்டும்தான் வேலை செய்யும். சிபெலியஸ் (இன்னொரு ஸ்கோர் மென்பொருள்) அல்லது டோரிகோ வைத்திருந்தால், ஸ்கோரை வாசித்துக் காட்டும் நோட்பெர்ஃபார்மர் வாங்குங்கள். அது ஸ்கோரை ஒரு விநாடி முன்னதாகவே படித்து, ஸ்லர் (சுரங்களைச் சேர்த்து வாசிக்கச் சொல்லும் வளைகோடு) எங்கே முடிகிறது, அடுத்த சுரம் எது என்று பார்த்து வாசிக்கிறது. தனி வயலின் கொஞ்சம் செயற்கையாகத்தான் இருக்கும். ஆனால் டிராம்போன் புல்லாங்குழலை அமுக்குமா என்று தெரிந்துகொள்ள நான் அதைத்தான் நம்புகிறேன். விஎஸ்சிஓ 2 கம்யூனிட்டி எடிஷன் என்ற ஆர்கெஸ்ட்ரா லைப்ரரியும் இலவசம், ஆனால் மறுபடி கையால் அமைக்கும் வேலை.

"இசையமைப்பவனுக்குப் பிளேபேக் (கணினி வாசித்துக் காட்டுவது) எதற்கு, தலைக்குள் கேட்கவேண்டாமா" என்று யாராவது வருவார்கள். எனக்கும் கேட்கிறது ஐயா. ஸ்கோரைப் படிக்கத் தெரியாத தயாரிப்பாளருக்கு என் தலையைத் திறந்தா காட்டுவது? தலைக்குள் கேள் என்று சொல்லும் அதே ஆட்கள்தான் ராத்திரி பதினொரு மணிக்கு அழைத்து, "இருபது பேருக்கும் அவரவர் வாசிக்கும் பார்ட்டைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடு, பட்டனைத் தட்டினால் வந்துவிடுமே" என்பார்கள். பக்கம் புரட்ட இடம் விட்டு, கியூ நோட் (எங்கே நுழைவது என்று காட்டும் வேறொரு கருவியின் சுரங்கள்) போட்டு, கிளாரினெட்டுக்கு டிரான்ஸ்போஸ் (அந்தக் கருவிக்கேற்பச் சுருதி மாற்றி எழுதுவது) சரிபார்த்து முடிக்க விடிந்துவிடும். அந்த வேலைக்கு இதுவரை ஒருவர்கூட எனக்குக் காசு கொடுத்ததில்லை.