பாட்டிதான் உங்களுக்கு கைடு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நாங்கள் கேப் டவுனுக்கு வந்து ரெண்டு வருஷம் ஆகிறது. ஊரிலிருந்து மாமியார் மூன்று மாதத்துக்கு வந்திருக்கிறார், ஃபிளாட்டுக்குள்ளேயே இருந்து சலித்துப்போய்விட்டார். பையனுக்கு பத்து வயது, பெண்ணுக்கு ஆறு. வூஸ்டரில் உள்ள க்ளைன்பிளாசி பண்ணை அருங்காட்சியகத்துக்குப் போகலாம் என்கிறார் என் கணவர். "ஊரில் பார்க்காத மாட்டையும் அடுப்பையுமா காசு கொடுத்துப் பார்க்கணும்?" என்று மாமியார் கேட்கிறார். போகலாமா, வேண்டாமா?
– கேப் டவுன் வாசகி

பதில்: போங்கள். மாமியார் இல்லாமல் மட்டும் போகாதீர்கள், ஏனென்றால் அங்கே அவர்தான் உங்களுக்கு கைடு.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் என் அம்மாவும் இதே கேள்வியைத்தான் கேட்டாள். முணுமுணுத்துக்கொண்டே காரில் ஏறினாள். அங்கே போனால், பழைய காலத்துப் பாவாடையும் தலைத்துணியுமாக ஒரு பெண் வீட்டுத் தரையைச் சாணம் போட்டு மெழுகிக்கொண்டிருக்கிறாள்! அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். ஒரு நிமிஷம் பார்த்தாள், அப்புறம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையை அரைவட்டமாக வீசி, கோடு விழாமல் எப்படி இழுப்பது என்று காட்டினாள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு ஆப்பிரிக்கான்ஸ் தெரியாது. ரெண்டு பேருக்கும் அது தேவையும் படவில்லை. அன்றைக்கு என் பிள்ளைகள் தங்கள் பாட்டியைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு தடவை டிக்கெட் எடுக்கலாம்.

இந்த நாட்டுப் பழைய பண்ணை வீடுகளில் தரையை மண்ணும் சாணமுமாகத்தான் மெழுகினார்கள். சில இடங்களில், தேய்மானம் குறையட்டும் என்று ஈர மண்ணில் பீச் பழக் கொட்டைகளை வரிசையாக அழுத்திப் பதித்துவிடுவார்கள். அப்படி ஒரு தரையை எங்காவது பார்த்தால், அனுமதி கேட்டுக்கொண்டு பிள்ளைகளைச் செருப்பைக் கழற்றி நடக்கச் சொல்லுங்கள். காலில் மேடும் பள்ளமுமாகக் கூழாங்கல் மாதிரி நெருடும், ஆனால் குத்தாது.

நாங்கள் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். வழியில் பழக்கடை, ஃபோட்டோ என்று நேரத்தைக் கரைத்துவிட்டு மதியம் ரெண்டு மணிக்கு மேல் போய்ச் சேர்ந்தோம். ரொட்டி அடுப்பு ஆறிப்போயிருந்தது. அந்த அடுப்பு, வெளியே மண்ணும் செங்கல்லுமாகக் கட்டிய ஒரு குட்டிக் குகை. உள்ளேயே விறகைப் போட்டு எரித்து, சுவர் நன்றாகச் சூடேறியதும் தணலையெல்லாம் வாரி வெளியே தள்ளிவிட்டு, மாவை உள்ளே வைத்து வாயை அடைத்துவிடுவார்கள். அப்புறம் தீயே கிடையாது, சுவரில் தங்கிய சூடுதான் ரொட்டியைச் சுடும். ரொட்டி வெளியே வந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். மிச்சமிருக்கும் அந்தச் சூட்டிலேயே ரொட்டித் துண்டுகளை ராத்திரி முழுக்க வைத்துக் காயவிட்டால் அதுதான் பெஸ்கெய்ட், இப்போது சூப்பர்மார்க்கெட்டில் காப்பியில் தோய்த்துச் சாப்பிட வாங்குகிறோமே, அதே ரஸ்க். மாட்டு வண்டியில் வாரக்கணக்காகப் போகிறவர்களுக்குக் கெடாத சாப்பாடு. நம் ஊரில் கட்டுச்சோறு ஒரு நாள் தாங்கும், இது மாதக்கணக்கில் தாங்கும். இதையெல்லாம் பார்க்க வேண்டுமென்றால் காலையிலேயே போய்விட வேண்டும். எல்லா வேலையும் எல்லா நாளும் நடக்காது, அதனால் முதல் நாளே போன் பண்ணி அடுப்பு மூட்டுவார்களா, கொல்லர் வருவாரா, ஆடு கறப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பையனைக் கொல்லன் பட்டறையில் விட்டுவிடுங்கள். துருத்தி ஊதுவதையும் இரும்பு சிவப்பதையும் பார்க்கிற பத்து வயசுப் பையன் போனைத் தேடமாட்டான். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை மாட்டும் விதத்தைக் கேட்கச் சொல்லுங்கள். பட்டையைச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சின்னதாகத்தான் செய்வார்கள், காய்ச்சினால் விரியும், விரிந்த சூட்டோடு மாட்டித் தண்ணீர் ஊற்றினால் சுருங்கிக் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் இதையே ஒரு பாடமாக நடத்தித் தூங்கவைப்பார்கள். நுகத்தடியை மட்டும் மாமியாரிடம் விட்டுவிடுங்கள். இங்கே பெரிய வண்டிக்குப் பதினாறு மாடு வரைக்கும் பூட்டியிருக்கிறார்கள், அதைக் கேட்டதும் என் அம்மா கேட்ட ஒரே கேள்வி, "பதினாறுக்கும் தீனி யார் போட்டது?"

போகும் வழி சுலபம். என்-1 சாலையில் சுமார் 110 கிலோமீட்டர். போகும்போது ஹியூகனாட் சுரங்கப்பாதையில் போங்கள், 1988-இல் திறந்தது, கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர், சுங்கம் உண்டு. திரும்பும்போது அவசரமில்லையென்றால் மேலே டு டாய்ட்ஸ்க்ளூஃப் மலைப்பாதையில் வாருங்கள். ரெண்டாம் உலகப் போர்க் காலத்தில் இத்தாலியப் போர்க் கைதிகளும் வேலை செய்த பாதை அது. ஜனவரி, பிப்ரவரி வேண்டாம், வூஸ்டர் வெயில் பாட்டியை வாட்டிவிடும். ஜூன், ஜூலையில் மழை. செப்டம்பர், அக்டோபர் அருமை.

கேள்வி: அக்கா, நாங்கள் பிரிட்டோரியாவில் இருக்கிறோம், பக்கத்தில் இப்படி ஏதாவது இருக்கிறதா? இந்த இடங்களில் சாராயம் காய்ச்சுவதை எல்லோர் முன்னாலும் காட்டுவார்களாமே, பிள்ளைகளைக் கூட்டிப்போவது சரியா? நாங்கள் சைவம் வேறு.
– பிரிட்டோரியா வாசகர்

பதில்: இருக்கிறது. ரேய்ட்டன் பக்கத்தில், பழைய பிராங்க்ஹார்ஸ்ட்ஸ்ப்ரேட் (Bronkhorstspruit) சாலையில் வில்லெம் பிரின்ஸ்லூ விவசாய அருங்காட்சியகம். பழைய பண்ணை வீடுகள், பழைய ஆலை, பட்டறை, நாட்டு மாடுகள். திறந்திருக்கிறதா என்று போன் பண்ணிவிட்டுக் கிளம்புங்கள்.

சாராய விஷயம் உண்மைதான். வடக்கே பீச் பழத்தில் காய்ச்சுவது மாம்பூர், கேப் பக்கம் திராட்சையில் காய்ச்சுவது விட்பிளிட்ஸ், அதாவது வெள்ளை மின்னல். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. காட்டுவதை மட்டும் பார்க்கட்டும், இதில் பயப்பட ஒன்றும் இல்லை. செம்புப் பானையில் ஊறல் கொதிக்கிறது, ஆவி குழாய் வழியாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் போய்க் குளிர்ந்து மறுமுனையில் சொட்டுகிறது. கண் முன்னால் நடக்கும் வேதியியல். ருசி பார்க்கும் இடத்தில் மச்சானைத்தான் கவனித்துக்கொள்ள வேண்டும், பிள்ளைகளை அல்ல.

சாப்பாட்டுக்கு, கரியடுப்புக் கம்பிமேல் சுடும் ரூஸ்டர்குக் ரொட்டியும் ஆப்ரிகாட் ஜாமும் கிடைத்தால் போதும், மாவில் கொழுப்பு சேர்த்தார்களா என்று மட்டும் கேளுங்கள். சோப்பும் மெழுகுவர்த்தியும் ஆட்டுக் கொழுப்பில் செய்தவையாக இருக்கலாம், வீட்டுப் பூஜைக்கென்று வாங்கிவிடாதீர்கள். ஒரு டப்பா புளிச்சோறு கையில் இருக்கட்டும்.

கேள்வி: அப்பாவின் தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். அவர் கரும்பு வெட்டிய கத்தி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. வெள்ளைக்காரப் பண்ணையார் வீட்டை நாம் ஏன் காசு கொடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் அப்பா. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
– டர்பன் வாசகி

பதில்: அப்பா கேட்பது நியாயம். அழகான அடுப்பையும் பூப்போட்ட பீங்கானையும் காட்டிவிட்டு, அடுப்பில் வெந்தவர்களைச் சொல்லாமல் விட்டுவிடும் இடங்கள் நிறைய. அதனால்தான் போக வேண்டும் என்பேன், போய்க் கேட்க வேண்டும். இந்த ரொட்டியைத் தினமும் சுட்டது யார்? அவர் எங்கே படுத்தார்? என் பெண்ணுக்கு இந்த ரெண்டு கேள்வியைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், வழிகாட்டிகள் பலரும் சந்தோஷமாகவே பதில் சொல்கிறார்கள்.

இன்னொன்றும் அப்பாவிடம் சொல்லுங்கள். 1860-இல் டிரூரோ கப்பல் மதராசிலிருந்து 342 பேரோடு டர்பனுக்கு வருவதற்கு இருநூறு வருஷம் முன்பிருந்தே நம் கரையிலிருந்து ஆட்கள் கேப்புக்கு, அதாவது இன்றைய கேப் டவுன் பகுதிக்கு, வந்திருக்கிறார்கள், அதுவும் கூலியாக இல்லை, அடிமையாக. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரர்கள் கோட்டை வைத்திருந்த காலம் அது. 1808-இல் அடிமை வியாபாரம் தடைசெய்யப்படும் வரை கேப்புக்குக் கொண்டுவரப்பட்ட சுமார் 63,000 பேரில் நாலில் ஒரு பங்கு இந்தியாவிலிருந்து வந்தவர்கள். சொந்தப் பெயரை அழித்துப் புதுப் பெயர் வைத்து, பின்னால் 'வான் பெங்காலன்', 'வான் மலபார்', 'வான் கோரமண்டல்' என்று எழுதினார்கள். டச்சு மொழியில் 'வான்' என்றால் 'இந்த ஊரிலிருந்து' என்று அர்த்தம். கோரமண்டல் என்றால் நம் சோழமண்டலம்தான். அந்தச் சாணத் தரையைக் கேப்பில் மெழுகிய கைகளில் சில நம் ஊர்க் கைகளாகவும் இருந்திருக்கலாம். கேப் டவுன் வந்தால் அடிமைகளை அடைத்துவைக்க 1679-இல் கட்டிய ஸ்லேவ் லாட்ஜை முதலில் பாருங்கள், பண்ணைக்கு மறுநாள் போகலாம்.

உங்கள் ஊரிலேயே, ஒப்பந்தக் கூலியாக வந்த நம்மவர்களின் கதையைச் சொல்லும் 1860 ஹெரிடேஜ் சென்டர் இருக்கிறது, அப்பாவை முதலில் அங்கே கூட்டிப்போங்கள். 1911 வரை நேட்டாலுக்கு, அதாவது டர்பன் இருக்கும் பகுதிக்கு, வந்த 1,52,184 பேருக்கும் எண் போட்டு, தகப்பன் பெயர், வயது, ஊர், கப்பல் எல்லாம் பட்டியலில் எழுதியிருக்கிறார்கள். கொள்ளுத்தாத்தாவின் எண் கிடைத்தால் ஊர் கிடைத்துவிடும். அந்தக் கத்தியையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள். அதற்கு முன்னால் பளபளப்பாகட்டும் என்று துருவைத் தேய்த்துவிடாதீர்கள், பிடியில் ஏதாவது வெட்டியிருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.