ட்ரெய்னர் வராத பத்து நாட்கள்

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 41. நான்கு மாதங்களாகத் தனி ட்ரெய்னர் வைத்து, வாரம் மூன்று நாள் ஜிம்மில் பயிற்சி செய்கிறேன். பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன். மாடிப்படி ஏறினால் முன்போல மூச்சு வாங்குவதில்லை. படுத்ததும் தூங்கிவிடுகிறேன். ஆபீஸ் மீட்டிங்கில் பின்வரிசையில் ஒதுங்கி உட்காருகிறவள், போன மாதம் எழுந்து நின்று பேசினேன்.

இப்போது ட்ரெய்னர் பத்து நாள் விடுப்பில் போயிருக்கிறாள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். "ஷெட்யூலைப் போன்ல அனுப்பியிருக்கேன்க்கா, வழக்கம்போல வந்து பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். சரி என்று தலையாட்டினேன். முதல் நாள் ஷூ போட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டிலோடு ஜிம் வாசல்வரை போனேன். கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே நாலைந்து பேர் தெரிந்தார்கள். நெஞ்சு படபடவென்று அடித்தது, உள்ளங்கை வியர்த்தது. போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். அடுத்த முறை வண்டி நிறுத்தும் இடத்திலிருந்தே திரும்பினேன். அதற்கு அப்புறம் கிளம்பவே இல்லை.

ஏழாம் வகுப்பில் ஓட்டப்போட்டிக்கு ஆள் எடுத்தபோது, விளையாட்டு ஆசிரியர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ ஓரமா நின்னு எல்லார் பையையும் பாத்துக்கோ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பள்ளி முடியும்வரை பை பார்த்துக்கொள்கிற பெண் நான்தான். ஜிம் கதவு முன்னால் நின்றபோது அந்தக் குரல்தான் கேட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெஞ்ச் பிரஸ் செய்யும்போது, அதாவது பெஞ்சில் மல்லாந்து படுத்துப் பாரை (எடைக் கம்பியை) மேலே தள்ளும்போது, ட்ரெய்னர் என் தலைமாட்டில் நின்று, பாருக்கு அடியில் இரண்டு கைகளிலும் இரண்டிரண்டு விரலை நீட்டி வைத்திருப்பாள். விடுப்புக்கு முந்தைய நாள் 25 கிலோவை ஆறு முறை தூக்கினேன். ஆறாவது தடவை கை நடுங்கி, பார் பாதியில் நின்றுவிட்டது. எப்படியோ மேலே போனது. "தூக்கிவிட்டதுக்கு தேங்க்ஸ்மா" என்றேன். "நான் தொடவே இல்லைக்கா" என்றாள். நான் நம்பவில்லை. எடை பார்த்தால் நான்கு மாதத்தில் இரண்டு கிலோதான் குறைந்திருக்கிறது. வாராவாரம் அவள் எடுக்கும் போட்டோவிலும் (எனக்கு அதைப் பார்க்கவே கூச்சம்) அப்படியேதான் இருக்கிறேன். உடம்பு மாறாமல் பலம் மட்டும் எங்கிருந்து வரும்? நாளைக்கு அவள் வேலை மாறிப் போய்விட்டால் நான் மறுபடியும் பை பார்த்துக்கொள்ளும் பெண்தானா? எனக்கு வந்திருக்கும் இந்தத் தன்னம்பிக்கை என்னுடையதா, அவளுடையதா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த ஆறாவது தடவையிலிருந்தே தொடங்குகிறேன். பாருக்கு அடியில் விரலை நீட்டி வைப்பது, பார் கீழே சரியத் தொடங்கினால் பிடித்துக்கொள்ளத்தான். பாதியில் நின்று, நடுங்கி, பிறகு மெல்ல மெல்ல மேலே போவது, கடைசித் தடவையில் தன் பலத்தின் எல்லையைத் தொடுகிற யாருக்கும் நடப்பது. வேறொருவர் கை கொடுத்திருந்தால் கனம் சட்டென்று குறைந்தது பெரும்பாலும் உங்களுக்கே தெரிந்திருக்கும். அப்படித் தெரிந்ததா? கடிதத்தில் நீங்கள் அப்படி எழுதவில்லை. "எப்படியோ மேலே போனது" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அந்த 'எப்படியோ'வுக்குள் இருப்பவர் நீங்கள்.

உடம்பு மாறாமல் பலம் எங்கிருந்து வரும் என்று கேட்டிருந்தீர்கள். பளு தூக்கத் தொடங்கியவர்களுக்கு முதல் சில வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பங்கு நரம்பு மண்டலத்தின் வேலை. தசை பருக்க நாளாகும். அதற்கு முன்பே, இருக்கிற தசை நார்களில் அதிகமானவற்றை ஒரே நேரத்தில் வேலைக்கு இழுக்க மூளை கற்றுக்கொண்டுவிடுகிறது. அடுத்தடுத்த மாதங்களில் கொழுப்பு கொஞ்சம் குறைந்து தசை கொஞ்சம் கூடினால், எடை மெஷின் அந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. ஆகவே போட்டோவையும் மெஷினையும் சாட்சிக்குக் கூப்பிட்டு, 'அவள்தான் தூக்கினாள்' என்று தீர்ப்பு எழுத வேண்டாம். இரண்டுக்கும் அங்கே நடந்தது தெரியாது.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர், 'இது என்னால் முடியும்' என்கிற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று 1977-இல் விளக்கினார். நாமே செய்து முடித்த அனுபவம், நம்மைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது, அடுத்தவர் தரும் ஊக்கச் சொல், நம் உடம்பின் படபடப்பை நாம் புரிந்துகொள்ளும் விதம் என்று நான்கு ஊற்றுகளைச் சொன்னார். இவற்றில் செய்து முடித்த அனுபவம்தான் மிக வலுவானது. சொல்லால் மட்டும் வந்த நம்பிக்கை சீக்கிரம் கலைந்துவிடும். நீங்கள் ஏறக்குறைய ஐம்பது நாள் பயிற்சி செய்திருக்கிறீர்கள். அந்த ஐம்பது நாளையும் அவள் சொன்ன வார்த்தைகளின் கணக்கில் எழுதிவிட்டீர்கள். கதவிலிருந்து திரும்பியதை மட்டும்தான் உங்கள் கணக்கில் வைத்திருக்கிறீர்கள்.

ஏன் அப்படி? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அந்த விளையாட்டு ஆசிரியர் செய்தது பெரிய தவறு. அவர் உங்களை ஓடவிட்டுப் பார்க்கவில்லை. ஓடிக் கடைசியாக வந்திருந்தால்கூட, ஓடினோம் என்கிற நினைவாவது மிஞ்சியிருக்கும். உங்களுக்குக் கிடைத்தது ஒரு சொல், கூடவே ஒரு சிரிப்பு. ஒரு சொல்லால் உட்கார வைக்கப்பட்டதால், இப்போது எழுந்து நிற்பதும் இன்னொருவர் சொல்லால்தான் என்று நம்புகிறீர்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு வேறு வழி இல்லை, பெரியவர் சொன்னதை ஏற்றுக்கொண்டது. அந்தப் பிள்ளை மீது எனக்கு மிகுந்த பரிவு இருக்கிறது. உங்களுக்கும் அது இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இனி அந்தக் கண்ணாடிக் கதவு. நெஞ்சு அடித்தது, கை வியர்த்தது, திரும்பியதும் நிம்மதியாக இருந்திருக்கும். அந்த நிம்மதிதான் சிக்கல். 'திரும்பியதால் தப்பித்தோம்' என்று மனது படித்துக்கொள்ளும், அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரமாக வரும். முதல் முறை கதவிலிருந்தும், அடுத்த முறை வண்டி நிறுத்தும் இடத்திலிருந்தும் திரும்பினீர்கள், மூன்றாவது முறை வீட்டைவிட்டே கிளம்பவில்லை. பயம் எப்படி நகர்ந்து வந்திருக்கிறது பாருங்கள். வந்த வழியே அதைத் திருப்பி அனுப்பலாம். ட்ரெட்மில்லில் ஓடும்போதும் உங்கள் நெஞ்சு இப்படித்தான் அடிக்கிறது, கை இப்படித்தான் வியர்க்கிறது. அங்கே அதை 'உழைப்பு' என்று எடுத்துக்கொள்கிறீர்கள். வாசலில் நின்று, அது தானாகத் தணிகிறதா என்று சில நிமிடம் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். தணியாவிட்டாலும் போகலாம். படபடப்போடு வார்ம் அப் செய்ய முடியும்.

உள்ளே இருக்கும் நாலைந்து பேரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2000-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அணியவே கூச்சப்படும்படி ஒரு பாடகரின் படம் போட்ட டி-ஷர்ட்டைக் கல்லூரி மாணவர்களுக்கு அணிவித்து, மற்ற மாணவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். ஜிம்மில் இருப்பவர்களுக்கோ தங்கள் செட்டையும் (நிறுத்தாமல் தொடர்ந்து செய்யும் தடவைகள்) மூச்சையும் எண்ணவே நேரம் சரியாக இருக்கும்.

விடுப்பு முடிவதற்குள் ஒரே ஒரு நாள் போய் வாருங்கள். முழு ஷெட்யூலும் வேண்டாம். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, நன்றாகப் பழகிய மூன்று பயிற்சிகள், இருபது நிமிடம், அவ்வளவுதான். தனியாக இருக்கும்போது பாரை வைத்துப் பெஞ்ச் பிரஸ் செய்ய வேண்டாம், டம்பெல் போதும். பார்தான் வேண்டுமென்றால் அங்கிருக்கும் ஊழியர் யாரையாவது தலைமாட்டில் நிற்கச் சொல்லுங்கள். அப்படிக் கேட்பது ஜிம்மில் தினமும் நடப்பது. பத்து நாள் இடைவெளியில் நீங்கள் சேர்த்த பலம் கரைந்துவிடாது. போய் நின்றால் தெரியும்.

ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். என்ன பயிற்சி, எத்தனை கிலோ, எத்தனை தடவை, இவற்றை உங்கள் கையால் எழுதுங்கள். ஒவ்வொரு செட்டுக்கும் முன்பு, எத்தனை தடவை முடியும் என்று நீங்கள் நினைப்பதை ஓரமாகக் குறித்துவிட்டு, அப்புறம் செய்து பாருங்கள். உங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் குறைவாகத்தான் மதிப்பிடுவார்கள். அந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதை ஒரு மாதம் பார்த்தால் என் கடிதமே உங்களுக்குத் தேவைப்படாது.

ட்ரெய்னர் வந்ததும் இதையெல்லாம் அவளிடமே சொல்லுங்கள். "வாரத்துல ஒரு நாள் நீ தள்ளி நின்னுக்கோம்மா, நானே எண்ணி, நானே எடை மாத்திக்கிறேன். செய்யுற முறை தப்பானா மட்டும் சொல்லு" என்று கேளுங்கள். தான் இல்லாமலும் நீங்கள் செய்ய வேண்டும் என்று நினைக்கிற பயிற்சியாளர் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார். ஷெட்யூலை அனுப்பிவிட்டுப் போனதைப் பார்த்தால், அவள் உங்களை நம்புகிறாள் என்றுதான் எனக்குப் படுகிறது. போட்டோ வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். அது உங்கள் உடம்பு, காரணம் விளக்க வேண்டியதில்லை.

மூன்று நான்கு முறை முயன்றும் வாசலைத் தாண்ட முடியாவிட்டாலோ, இந்தப் படபடப்பு வேறு இடங்களிலும் வரத் தொடங்கினாலோ, உளவியல் ஆலோசகர் ஒருவரை நேரில் பாருங்கள். பயிற்சியின்போது நெஞ்சுவலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள், அதைப் பயம் என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

நோட்டின் முதல் பக்கத்தை வெறுமையாக விட வேண்டாம். விடுப்புக்கு முந்தைய நாளின் தேதியைப் போட்டு, இன்றைக்கே எழுதிவிடுங்கள்: பெஞ்ச் பிரஸ், 25 கிலோ, 6 தடவை.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்