மேட்டில் திணறும் ஸ்கூட்டருக்கு ரேசிங் வேரியேட்டர் போடலாமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு லுங்கி வியாபாரி கேட்டிருக்கிறார். கியர் இல்லாத 110 சிசி ஸ்கூட்டர், 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, இதுவரை பெல்ட் மாற்றியதில்லை. மூட்டையோடு பேரணாம்பட்டு தாண்டி பத்தலப்பல்லி மலைப்பாதையில் வி.கோட்டாவுக்குப் போனால் வண்டி உறுமுகிறதே தவிர ஏறுவதில்லை. வேலூரில் ஒருவர் 4,500 ரூபாய்க்கு ரேசிங் வேரியேட்டர் செட் போட்டால் பிக்கப், மைலேஜ், டாப் ஸ்பீடு மூன்றும் கூடும் என்கிறாராம். அண்ணனின் எக்ஸ்எல் மொபெட்டுக்கும் சேர்த்துப் போட்டால் 500 ரூபாய் குறைப்பாராம்.

போடாதீர்கள். மூன்றும் கூடும் என்றாரே, அங்கேயே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் எஞ்சினின் இழுவையைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோவது இரண்டு புல்லிகளில் ஓடும் ஒரு பெல்ட். எஞ்சின் பக்கம் இருக்கும் முன் புல்லிதான் வேரியேட்டர். அதற்குள் சின்னச் சின்ன ரோலர்கள் இருக்கும், பெரும்பாலும் ஆறு. எஞ்சின் வேகமாகச் சுற்றச் சுற்ற அவை வெளிப்பக்கம் ஓடிப் புல்லியை நெருக்கும், பெல்ட் மேலே ஏறும், அதுதான் உங்களுக்குப் பெரிய கியர். எடை குறைந்த ரோலர் போட்டால் பெல்ட் மெதுவாக ஏறும், அதனால் வண்டி சின்ன கியரிலேயே கொஞ்சம் அதிக நேரம் நிற்கும். மேட்டுக்கு நல்லதுதான், ஆனால் எஞ்சின் கூடுதலாகச் சுற்றுவதால் பெட்ரோலும் கூடுதலாகப் போகும். உங்கள் வண்டியோ ஏற்கெனவே உறுமிக்கொண்டுதான் நிற்கிறது! எஞ்சின் சுற்றியும் சக்கரத்துக்கு இழுவை போகவில்லை என்றால் பெல்ட் வழுக்குகிறது, இல்லையென்றால் கிளட்ச் ஷூ தேய்ந்திருக்கிறது. அதன்மேல் லேசான ரோலர் போட்டால் இன்னும் நன்றாக உறுமும், அவ்வளவுதான்.

முதலில் மூடியைக் கழற்றி பெல்ட்டின் அகலத்தை வெர்னியர் அளவுகோலில் அளக்கச் சொல்லுங்கள். எவ்வளவு தேயலாம் என்ற கணக்கு சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது, அதை மட்டும் வண்டி வாங்கியவன் கண்ணில் காட்டவே மாட்டார்கள், டயர் காற்று அளவு போட்ட ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். 38,000 கிலோமீட்டருக்கு அளக்காமலேயே மாற்றலாம் என்பேன். ரோலரில் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால் அதையும் மாற்றுங்கள், பழைய எடையிலேயே. டூப்ளிகேட் செட்டில் ஒன்றுக்கொன்று எடை ஒத்துப்போகாது, தெரிந்த நகைக்கடைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் மேடு இழுக்கவில்லை என்றால்தான் ரோலர் எடையில் கை வைக்க வேண்டும், அதுவும் ஒரு தடவைக்கு ஒரு கிராம் மட்டும். பின் புல்லியை நெருக்கும் ஸ்பிரிங்கையும் கூடவே மாற்றினால் எதனால் என்ன ஆனது என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்று, மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பின் புல்லியை விரித்து பெல்ட்டை உள்ளே அழுத்தினால்தான் முன்னால் தளர்வு கிடைக்கும். அப்படிச் செய்யாமல் முன் புல்லியின் நட்டை முடுக்கினால் பெல்ட் நடுவில் மாட்டிக்கொண்டு, முழுசாக முடுக்கிவிட்ட மாதிரியே கைக்குத் தெரியும். நாலு நாள் ஓடியதும் நட்டு தளர்ந்து கிராங்க்கின், அதாவது புல்லியைச் சுற்றும் எஞ்சின் தண்டின், பல்லைத் தின்றுவிடும், அப்புறம் எஞ்சினையே பிரிக்க வேண்டியதுதான். உளியும் சுத்தியும் வைத்து நட்டைத் தட்டுகிறவரிடம் வண்டியை விடவே வேண்டாம், புல்லியின் விசிறி இதழ் ஒன்று உடைந்தாலும் அதிர்வு வரும்.

சரி, அண்ணன் வண்டிக்கு வருவோம். நம் ஊரில் மொபெட் என்றாலே எக்ஸ்எல்தான். அதில் வேரியேட்டரே கிடையாது. பெல்ட் இல்லை, ரோலர் இல்லை, ஒரே கியர்தான், தானாகப் பிடிக்கும் கிளட்ச், பின் சக்கரத்துக்கு செயின். பழைய டூ ஸ்ட்ரோக் ஆனாலும் 2015-இல் வந்த எக்ஸ்எல் 100 ஆனாலும் இதேதான். அதன் இழுவையை மாற்ற வேண்டுமென்றால் ஸ்ப்ராக்கெட்டில், அதாவது செயின் ஓடும் பல் சக்கரத்தில்தான் கை வைக்க முடியும். இல்லாத சாமானுக்கு அந்த மனிதர் 500 ரூபாய் தள்ளுபடி வேறு தருகிறார்.